தலையணையில் எறும்பு

தலையணை உறையை ஜன்னலுக்கு வெளியே உதறப் போன அங்காளம்மா, பாதியில் கையை இழுத்துக்கொண்டாள்.

"தோ பாரு துர்கா. இன்னிக்கும் எறும்பு."

துர்கா அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள். உறையின் ஓரத்தில், கன்னம் பதியும் இடத்தில், சிற்றெறும்புகள் ஒரு வட்டமாக மொய்த்துக்கொண்டிருந்தன. பெரும்பாக்கம் குடியிருப்பின் ஆறாவது மாடி அது. லிஃப்ட் நின்று மாதக்கணக்காகிறது. படியேறி வந்த களைப்பு அவற்றிடம் கொஞ்சமும் இல்லை.

"எனக்கு இன்னா தெரியும் அண்ணி? சக்கரை டப்பாவ நீதான ஒளிச்சி வெச்சிகினு கீற."

"அதான் கேக்குறேன். டப்பா என்கிட்ட. எறும்பு மட்டும் ஒன் தலையணையில. என் தலையணையில வர்ல, லோகு தலையணையில வர்ல. ஒன்னோடத மட்டும் மோப்பம் புடிச்சி வருது. யாரு குடுத்தா? எதிர் வூட்டு செல்லம்மாவா? ஜிலேபியா?"

"சத்தியமா இல்ல அண்ணி."

"எறும்பு பொய் சொல்லாது."

அங்காளம்மா துர்காவின் கணவன் லோகுவுக்கு அக்கா. புருஷன் போன பிறகு தம்பி வீட்டோடு வந்துவிட்டவள். கருவாட்டுக் கூடையோடு ஊர் ஊராகச் சுற்றிய காலத்தில் போலீஸ்காரர்களையே குறுக்கு விசாரணை செய்தவள் என்று பெயர். அவளிடம் தப்புவது கஷ்டம்.

ஆனால் துர்கா நிஜமாகவே ஒன்றும் சாப்பிடவில்லை. அதுதான் அவளைப் பயமுறுத்தியது.

நேற்று டாக்டர் சத்யப்ரியாவும் ஏறக்குறைய இதையேதான் கேட்டிருந்தார்.

* * *

துர்காவுக்குப் பள்ளிக்கூடம் போகிற வயதிலேயே சர்க்கரை. உடம்பு தன் கணையத்திலிருந்த இன்சுலின் செல்களைத் தானே அடித்துத் தீர்த்துவிட்ட வகை. அன்று பிடித்த ஊசி, கல்யாணத்தன்றுகூட விடவில்லை. முகூர்த்தப் புடவையை இடுப்போரம் விலக்கிக் குத்திக்கொண்டு மணையில் உட்கார்ந்தவள் அவள்.

ஊசி பழகிவிட்டது. பழகாதது இறக்கம். சர்க்கரை இறங்கினால் மற்றவர்களுக்குப் படபடப்பு, வியர்வை, கை நடுக்கம் என்று உடம்பு முன்கூட்டியே தகவல் அனுப்பும். துர்காவுக்கு அந்தத் தகவல் வருவது எப்போதோ நின்றுபோயிற்று. அஸ்தினாபுரம் தெருமுனையில் அவர்கள் போடும் மீன்கடையில் ஒருநாள் வஞ்சிரம் வெட்டிக்கொண்டிருந்தவள், ஓங்கிய கத்தியோடு அப்படியே நின்றுவிட்டாள். எதிரே நின்ற வாடிக்கையாளர், அம்மா ஏதோ சாமி கும்பிடுகிறாள் என்று நினைத்துப் பொறுமையாகக் காத்திருந்தார். லோகு ஓடிவந்து கத்தியைப் பிடுங்கி, வாயில் தேன்மிட்டாயைத் திணித்தான்.

அதன் பிறகு அவளைக் கடையில் தனியாக விட்டதில்லை. கொஞ்ச நாளில் கடைக்கே விடவில்லை.

வெளியில் தெரிகிற ஒரே அடையாளம், இறங்கும்போது அவள் சிடுசிடுப்பாள் என்பதுதான். ஆகவே அந்த வீட்டில் ஒரு முடிவு நிலைபெற்றது: துர்காவுக்குக் கோபம் என்று ஒன்று கிடையாது; சர்க்கரை இறக்கம்தான் உண்டு. அவள் குரல் கொஞ்சம் உயர்ந்தால் போதும், தேன்மிட்டாய்க்காக லோகு சட்டைப் பையில் கைவிடுவான், அங்காளம்மா முந்தானை முடிச்சை அவிழ்ப்பாள். அவளைக் கேட்காமல் லோகு அவளுடைய தராசை விற்றுவிட்டு வந்த அன்று அவள் ஆடிய ஆட்டத்தில், எதிர் வீட்டுச் செல்லம்மாகூட ஜாம் பாட்டிலோடு ஓடிவந்தாள். மூன்று பேர் பிடித்துக்கொள்ள, வாய் நிறைய இனிப்போடு ஒருத்தி மீதிச் சண்டையை எப்படிப் போடுவாள்?

இதில் துர்காவுக்கு ஒரு ரகசிய வருத்தம் உண்டு. பாதி நேரம் அவர்கள் நினைத்தது சரியாகவே இருந்தது. மிட்டாய் கரைந்ததும் கோபமும் கரைந்துபோகும். வந்தது தன் கோபம்தானா, சர்க்கரை போட்ட கூத்தா என்று அவளுக்கே தெரியாது.

அப்படிப்பட்டவளைத்தான் டாக்டர் சத்யப்ரியா இருக்கும் பெரிய ஆஸ்பத்திரியின் ஆராய்ச்சிக் குழு தேடிப் பிடித்தது. எதுவாகவும் மாறக்கூடிய ஸ்டெம் செல்களை எடுத்து, ஆய்வகத்தில் வளர்த்துப் பழக்கி, இன்சுலின் சுரக்கும் செல்களாக்கி வைத்திருந்தார்கள். வயிற்றில் ஒரு குழாய் விட்டு, கல்லீரலுக்குப் போகும் ரத்தநாளத்தில் அவற்றைச் சொட்டுச் சொட்டாக இறக்கினார்கள். துர்கா கண் விழித்தபடி கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். வலி என்று பெரிதாக ஒன்றுமில்லை.

வீட்டுக்கு வந்து அதை அவள் விளக்கியதுதான் பெரும்பாடு.

"கணையத்துல குந்த வேண்டியவங்கள இன்னாத்துக்கு ஈரல்ல வெச்சாங்க?" என்று கேட்டான் லோகு.

"அங்க எடம் செரியில்லயாம். நம்மள கடலாண்டேந்து கொண்டாந்து பெரும்பாக்கத்துல போட்டாங்க இல்ல? அந்த மாதிரி."

அங்காளம்மா பெருமூச்சு விட்டாள். "அப்ப தண்ணி வர்றதுக்கே ஆறு மாசம் ஆவும்."

"டாக்டரும் அதான் சொன்னாங்க. கொஞ்சங் கொஞ்சமாத்தான் வேலைக்கு வருவாங்களாம். பழைய ஆளுங்க இந்தப் புது ஆளுங்கள அடிச்சித் தொரத்தாம இருக்கத்தான் இந்த மாத்திரை. இத்த வுடவே கூடாதாம். வெளிய துன்னக் கூடாது. கூட்டத்துல மாஸ்க்கு. பம்ப்ளிமாஸ் கூடாது, மாத்திரைக்கு ஆவாதாம். மீன் முள்ளு குத்தக் கூடாது."

"மீனுக்காரிக்கு முள்ளு குத்தக் கூடாதுன்னா? நல்லா கீதே கதை" என்றாள் அங்காளம்மா.

ஆனாலும் புது ஆட்கள் குடியேறினார்கள். மாதங்கள் போகப் போக நாலு ஊசி மூன்றாகி, மூன்று இரண்டாகி, இப்போது படுக்கப் போகுமுன் ஒரு சின்ன ஊசியில் வந்து நின்றிருந்தது. கையில் ஒட்டியிருந்த சென்சார் நாளெல்லாம் சர்க்கரையை அளந்து செல்போனுக்கு அனுப்பியது. இறங்கினால் கத்தும். அது கத்தி ரொம்ப நாளாயிற்று.

அந்தக் கடைசி ஊசியை நிறுத்திவிட்டால் கடைக்குப் போகலாம் என்று டாக்டர் சொல்லியிருந்தார். துர்கா மனதில் ஒரு நாள் குறித்து வைத்திருந்தாள். புரட்டாசி முடிந்த முதல் ஞாயிறு. மாதம் முழுக்கப் பெருமாளுக்காக மீனை மறந்திருந்த அஸ்தினாபுரம், பையோடு வந்து முட்டி மோதுகிற நாள். அன்று தராசுக்குப் பின்னால் அவள் உட்கார வேண்டும்.

நேற்று அதில்தான் இடி விழுந்தது.

"விடியக்காலையில ஏறுது துர்கா." டாக்டர் திரையைத் திருப்பிக் காட்டினார். "மத்த நேரமெல்லாம் இப்ப அழகா ஆனதால இது பளிச்னு தெரியுது. நாலு மணிக்கு மேல மட்டும் மலை மாதிரி ஏறி இறங்குது. நடுவுல எழுந்து ஏதாவது சாப்பிடறீங்களா?"

"இல்ல டாக்டர். நல்லா தூங்கிகினு இருப்பேன்."

"வாயில இனிப்பா ஏதாவது...?"

"எழுந்திரிக்கும்போது தித்திப்பா கீது. பல வர்ஷமா அப்டித்தான். சக்கரைக்காரிக்கு அப்டித்தான் இருக்கும்னு வுட்டுட்டேன்."

டாக்டர் கொஞ்சம் யோசித்தார். "புது செல்ஸ் அந்த நேரத்துக்கு ஈடு குடுக்க முடியாம இருக்கலாம். இல்லேன்னா உங்க உடம்பு அதுங்களைத் தள்ள ஆரம்பிச்சிருக்கலாம். வெள்ளிக்கிழமை வாங்க. அன்னிக்கும் இப்படியே இருந்தா இன்சுலினைத் திரும்ப ஏத்தணும். கடை இப்போதைக்கு வேண்டாம்."

வெளியே வண்டி நிறுத்துமிடத்தில், டிவிஎஸ் மீது சாய்ந்து லோகு காத்திருந்தான். அவன் ஆஸ்பத்திரிக்குள் வருவதில்லை. மீன் நாத்தம் அடிக்கிறது, ஏசி அறையில் எல்லாரும் மூக்கைப் பொத்துவார்கள் என்பான்.

"இன்னா சொன்னாங்க?"

"நல்லா கீதுன்னாங்க" என்றாள் துர்கா.

அவன் முகம் மலர்ந்தது. அதைக் கெடுக்க அவளுக்கு மனம் வரவில்லை.

* * *

எறும்பு பிடிபட்ட அன்று சாயங்காலம் மழை பிடித்துக்கொண்டது. பிளாக்குகளுக்கு நடுவே தண்ணீர் கட்டி, பைக்குகள் அதில் பாதி முழுகி நின்றன. அங்காளம்மா நெத்திலிக் குழம்பைக் கொதிக்கக் கொதிக்க இறக்கி வைத்தாள். கொதிக்காத எதுவும் துர்காவின் தட்டுக்கு வரக்கூடாது என்பது அவள் சட்டம். குடிதண்ணீரைக்கூட இரண்டு தரம் கொதிக்க வைப்பாள். மூன்று பேரும் தரையில் உட்கார்ந்து சாப்பிட்டார்கள். நெத்திலி வாயில் கரைந்தது.

"எறும்பு சமாச்சாரம் சொன்னாளாடா இவ ஒன்னாண்ட?" என்றாள் அங்காளம்மா தம்பியிடம்.

லோகுவின் கை தட்டில் ஒரு கணம் நின்றது.

"இன்னா எறும்பு?"

"இவ தலையணையில மொய்க்குது. தெனமும் ஒதர்றேன். இவ எங்கியோ ஜிலேபி பதுக்கிக்கீறா."

"மய பேஞ்சா எறும்பு வரும்க்கா" என்றான் லோகு. சோற்றைப் பிசைந்தான். கொஞ்சம் அதிகமாகவே பிசைந்தான்.

துர்கா குனிந்தபடி அவனைப் பார்த்தாள். கல்யாணமாகி இத்தனை வருடத்தில் அவன் நெத்திலிக் குழம்பைப் பிசைந்து அவள் பார்த்ததில்லை. சோற்றின் மேல் ஊற்றி அப்படியே அள்ளுகிற ஆள் அவன்.

அந்த இரவு அவள் ஒரு முடிவோடு படுத்தாள்.

கோவளத்தில் படகு கரைக்கு வரும் நேரத்துக்குப் போய்ச் சேர லோகு விடியுமுன் எழுவான். அன்றும் எழுந்தான். பல் துலக்கினான். கூடைகளை எடுத்து வெளியே வைத்தான். மழைக்கோட்டு சரசரத்தது. துர்கா சுவர்ப் பக்கம் திரும்பி, மூச்சை ஒரே சீராக விட்டுக்கொண்டு, கண்ணை மூடிக் கிடந்தாள்.

அலமாரிக் கதவு மெல்லத் திறந்தது. ஏதோ ஒரு மூடி திருகும் சத்தம். காலடி பக்கத்தில் வந்து குந்தியது. கடலும் சோப்பும் கலந்த அந்த வாசனை.

பிறகு ஒரு விரல், பழகின வீட்டுக்குள் நுழைவது போல அவள் உதட்டை விலக்கிக்கொண்டு உள்ளே போய், ஈறோரமாகத் தடவியது. வெளியே போய்ப் பாட்டிலில் தோய்ந்து, மறுபடி வந்தது. தேன்.

மூன்றாவது தடவை வந்தபோது துர்கா கடித்தாள்.

"ஸ்ஸ்... வுடு. வுடு மே. வெரலு."

அவள் விடவில்லை. கண்ணைத் திறந்து அவனைப் பார்த்தபடி இன்னும் கொஞ்சம் அழுத்தினாள்.

கூடத்தில் படுத்திருந்த அங்காளம்மா விளக்கைப் போட்டுக்கொண்டு ஓடிவந்தாள். பார்த்த உடனே அவளுக்கு எல்லாம் புரிந்துவிட்டது, தவறாக.

"எறங்கிடுச்சாடா? கடிக்கிற அளவுக்கா எறங்கிடுச்சி? தேனு எங்க, தேனு?"

துர்கா விரலைத் துப்பினாள். "தேனு ஒன் தம்பி கையில கீது அண்ணி. நல்லா பாத்துக்க. ஒன் எறும்பு இதுதான்."

அங்காளம்மா பாட்டிலைப் பார்த்தாள், தம்பியைப் பார்த்தாள், தலையணையைப் பார்த்தாள். பாயில் தொப்பென்று உட்கார்ந்தாள்.

"எத்தினி நாளா நடக்குது இது?" என்றாள் துர்கா.

லோகு விரலை உதறிக்கொண்டே தரையைப் பார்த்தான். "நாளா... நீ அன்னிக்கி வுயுந்து கெடந்த பாரு, கொடத்தாண்ட. அப்பலேந்து."

அது ஒன்பது வருடத்துக்கு முந்தைய சங்கதி.

"தெனமுமா?"

"தெனமும்."

"எனக்குத் தெரியாம?"

"நீ முழிச்சிகினா திட்டுவ. தூங்கும்போது சமத்தா சப்பிக்குவ."

துர்காவின் குரல் ஏறியது. "நா இன்னா கொயந்தயா? ஒரு வார்த்த கேக்க மாட்டியா? அந்தம்மா என்னிய நிக்க வெச்சி கேக்குறாங்க, விடியக்காலையில இன்னா துன்னுறேன்னு. நா ஒண்ணியும் துன்னலன்னு சாதிச்சிட்டு வந்துக்கீறேன். வெச்ச செல்லு பூரா வேஸ்டா பூடுச்சோன்னு அவங்க பயந்துகினு கீறாங்க. வெள்ளிக்கெயம போனா மறுபடி ஊசி. ஞாயித்துக்கெயம கடை இல்ல. எல்லாம் யாரால? ஒன் ஒத்த வெரலால."

லோகு தலை நிமிர்ந்தான். "இத்த நீ என்கிட்ட சொல்லவே இல்லியே. நல்லா கீதுன்னுதான சொன்ன?"

"நீ உள்ள வந்திருந்தா தெரிஞ்சிருக்கும் இல்ல?"

"மீனு நாத்தம் மே..."

"நாறட்டும். நா அந்த நாத்தத்துலதான் பொறந்தேன்."

பேச்சு இவ்வளவு தூரம் ஏறியதும், வருடக்கணக்கான பழக்கம் அங்காளம்மாவின் கையை முந்தானை முடிச்சுக்குக் கொண்டுபோயிற்று. ஒரு தேன்மிட்டாய் வெளியே வந்தது. லோகுவும் சட்டைப் பையைத் தொட்டான். இரண்டு பேரும் அவளையே உற்றுப் பார்த்தார்கள்.

துர்கா அதைக் கவனித்தாள். செல்போனை எடுத்து, அவர்கள் முகத்துக்கு நேரே நீட்டினாள்.

நூற்றுப் பன்னிரண்டு. பக்கத்தில் ஆடாமல் அசையாமல் ஒரு நேர்க்கோட்டு அம்பு.

"பாத்தியா? எறங்கல. இது சக்கரை இல்ல." அவள் குரல் சட்டென்று தணிந்துவிட்டது, சொல்லும்போது அவளுக்கே அது புதிதாக இருந்தது. "இது கோவம். என் கோவம்."

அங்காளம்மா மிட்டாயைத் திரும்ப முடிச்சுக்குள் வைத்தாள்.

"அப்ப அந்த தராசு சண்டை?" என்றாள் அங்காளம்மா மெதுவாக.

துர்கா யோசித்தாள். "அது தெரியாது அண்ணி. இது தெரியும்."

லோகு கடிபட்ட விரலைத் தடவிக்கொண்டிருந்தான்.

"நா இன்னா பண்றது சொல்லு? ஒனக்கு வேர்க்காது, ஒடம்பு சொல்லாது, ஒண்ணியும் தெரியாது. அன்னிக்கி நா சங்கரா கூடையோட வந்து கதவத் தொறக்குறேன். நீ கண்ணு தொறந்து கெடக்குற. என்னியத் தெரியல ஒனக்கு. பேரு சொல்றேன், தெரியல. அப்பதான் முடிவு பண்ணேன். நா வாசல் தாண்றதுக்கு முன்னால ஒனக்கு ஒரு வெரலு தேனு. அத்த வெச்சாத்தான் எனக்கு வண்டி ஓடும். இல்லன்னா சோழிங்கநல்லூர் சிக்னலாண்டயே திரும்பிடுவேன்."

"செல்லு வெச்ச அப்பாலயுமா?"

"செல்ல நா பாத்தேனா? தேன பாத்துக்கீறேன்."

அங்காளம்மா வாயைப் பொத்திக்கொண்டாள். சிரிக்கிறாளா, அழுகிறாளா என்று தெரியவில்லை. துர்காவுக்குக் கோபம் இன்னும் தீரவில்லை. ஆனால் அதை அவசரமாகத் தீர்க்க வேண்டியதும் இல்லை, மிட்டாய் வருமுன் கொட்டிவிட வேண்டும் என்று ஓடத் தேவையில்லை என்று தோன்றியது. அது பாட்டுக்கு இருக்கட்டும்.

"ஒன் போன குடு" என்றாள்.

தன் செல்போனில் வருகிற சர்க்கரை அளவு அவன் செல்போனிலும் தெரிகிற மாதிரி செய்து கொடுத்தாள். ஆஸ்பத்திரி நர்ஸ் ரோஸி அதை என்றோ சொல்லிக் கொடுத்திருந்தாள். இவன் பார்த்துப் பயப்படுவான் என்று துர்காதான் செய்யாமல் இருந்தாள்.

"கோவளத்துல குந்திகினு பாத்துக்க. எழுபதுக்குக் கீழ போனா கத்தும். கத்தலன்னா நா நல்லா கீறேன்னு அர்த்தம். தேன் பாட்டில அண்ணியாண்ட குடுத்துடு."

லோகு பாட்டிலைக் கொடுத்தான். வாசல்வரை போனான். திரும்பி வந்தான்.

"போ" என்றாள் துர்கா.

"போறேன்" என்றான். போனான்.

அன்று ஏலத்தில் அவன் கண் மீன் மேல் இருந்ததைவிட செல்போன் மேல் இருந்ததுதான் அதிகம். சங்கரா கூடை வந்தபோது தலையாட்ட மறந்து, மலிவான காரப்பொடி மீன் கூடைக்குத் தலையாட்டிவிட்டான். ஒரு கூடை நிறையப் பொடிமீனோடு வந்தவனை அங்காளம்மா ஏற இறங்கப் பார்த்தாள்.

"இத்த யாருடா வாங்குவா புரட்டாசியில?"

"நூத்தி நாலு, நூத்தி ஆறு, மறுபடி நூத்தி நாலு" என்றான் லோகு.

"நா மீன கேட்டேன்."

மூன்று நாளும் அந்த வீட்டில் காரப்பொடி வறுவல், காரப்பொடி புளிக்குழம்பு, காரப்பொடி புட்டு. செல்லம்மாவுக்கும் கீழ் வீடுகளுக்கும் கிண்ணம் கிண்ணமாகப் போயிற்று. ஒரு விடியற்காலையில் கோவளத்திலிருந்து போன் வந்தது. பின்னால் அலைச் சத்தம்.

"எம்பத்தாறு காட்டுது மே. அக்காவ எழுப்பு."

"எம்பத்தாறு நல்லதுயா. வெச்சிட்டு மீனப் பாரு."

தலையணையில் எறும்பு வரவில்லை. எழுந்தபோது வாயில் தித்திப்பும் இல்லை.

* * *

வெள்ளிக்கிழமை லோகு இரண்டு தரம் குளித்தான். சட்டைக்கு இஸ்திரி போட்டான். அப்படியும் லிஃப்டில் ஒரு அம்மாள் அவனை விட்டு ஓரடி தள்ளி நின்றாள். அவன் வெளியே போய்விடலாமா என்று துர்காவைப் பார்த்தான். அவள் அவன் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

டாக்டர் சத்யப்ரியா திரையை நெடுநேரம் பார்த்தார்.

"மலை எங்கே போச்சு? மூணு நாளா நேர்க்கோடா இருக்கே. என்ன மாத்தினீங்க?"

"இவர மாத்துனேன் டாக்டர்" என்றாள் துர்கா.

கதை முழுவதையும் கேட்ட டாக்டர் முதலில் சிரித்தார். பிறகு கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"ஒரு ஸ்பூன் இருக்குமா?"

"ரெண்டு இருக்கும் டாக்டர்" என்றான் லோகு. "பயம் ஜாஸ்தியா கீற அன்னிக்கி மூணு."

"தூங்கறவங்க வாயில இனிமே எதையும் வெக்காதீங்க. மூச்சுக்குழாய்க்குள்ள போயிட்டா வேற வம்பு."

"செரி டாக்டர்."

"உங்க தேனைத் தின்னுட்டும் அந்த செல்ஸ் காலை ஆறு மணிக்குள்ள சர்க்கரையைத் திரும்ப இறக்கி வெச்சிருக்கு, பாருங்க. அதை நான் கவனிச்சிருக்கணும்." அவர் துர்கா பக்கம் திரும்பினார். "அதுங்க நல்லா வேலை செய்யுது துர்கா. இன்னிக்கு ராத்திரியிலேந்து ஊசி வேண்டாம். மாத்திரை ஒருவேளைகூட விடக்கூடாது. ரோஸி தினமும் போன் பண்ணுவாங்க. இது எத்தனை வருஷம் நிக்கும்னு எனக்கும் தெரியாது. பார்த்துக்கிட்டே போவோம்."

"கடை?"

"ரெண்டு மணி நேரம். மாஸ்க், கையுறை. கத்தியைத் தொடக்கூடாது."

"தராசு?"

"தராசைத் தொடலாம்."

அன்று ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு துர்காவின் கை தானாக ஃபிரிட்ஜைத் திறந்தது. இஞ்சி பூண்டு விழுதுக்குப் பக்கத்தில் இன்சுலின் டப்பா. கொஞ்ச நேரம் அந்தக் குளிரிலேயே நின்றாள். பிறகு மோர்ப் பாத்திரத்தை மட்டும் எடுத்துக்கொண்டு கதவைச் சாத்தினாள்.

* * *

ஐப்பசி முதல் ஞாயிறு, அஸ்தினாபுரம் தெருமுனை. மழை விட்ட வெயில். தார்ப்பாய் ஓரத்திலிருந்து நீர் சொட்டிக்கொண்டிருந்தது. சங்கரா, வவ்வால், கானாங்கெளுத்தி என்று ஐஸ் மேல் பளபளத்துக் கிடந்தன. இந்தத் தடவை லோகு மீனைப் பார்த்துத் தலையாட்டியிருந்தான். அவன் வெட்ட, அங்காளம்மா செதில் சுரண்ட, கொஞ்சம் தள்ளி நாற்காலி போட்டு, முகக்கவசமும் கையுறையுமாக, புதுத் தராசுக்குப் பின்னால் துர்கா.

"அட, துர்காம்மா. எவ்ளோ வருஷமாச்சு" என்று ஆளாளுக்குச் சொல்லிவிட்டுப் போனார்கள். அவள் எடை போட்டாள், பை கட்டினாள், பழைய முகங்களுக்குப் பேர் சொல்லிக் கூப்பிட்டாள். கையுறைக்குள் விரல் வியர்த்தது. அந்த வியர்வைகூட அவளுக்குப் பிடித்திருந்தது.

கூட்டம் நெருக்கும் நேரத்தில் கேசவன் வந்தார். ரயில்வேயில் ரிட்டயரானவர். அன்று கத்தி ஓங்கி நின்றவளை, சாமி கும்பிடுகிறாள் என்று நினைத்துக் காத்திருந்த அதே மனிதர். மீனை விரலால் அமுக்கிப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார்.

"என்னம்மா இது, ஐஸ்ல ஒரு வாரம் கிடந்த மாதிரி இருக்கு. பழைய சரக்கா?"

தராசின் தட்டு அப்படியே நின்றது.

"இன்னா சார் சொன்ன?" என்று எழுந்தாள் துர்கா. "பழசா? செவுளத் தூக்கிப் பாரு. நல்லா தூக்கு. என்னா செவப்பு, பாத்தியா? கண்ணப் பாரு, ஒன்னியே மொறைக்குது. விடியக்காலையில கோவளத்துல துள்ளிகினு கெடந்த மீனு சார் இது. எம் புருஷன் மயையில நனைஞ்சி எடுத்துகினு வந்துக்கீறாரு. பழைய சரக்காம் பழைய சரக்கு. இத்தினி வர்ஷமா துன்னியே, ஒரு நாளு வயிறு வலிச்சிச்சா ஒனக்கு? சொல்லு. ஒரு நாளு?"

குரல் தெருக்கோடி வரை போயிற்று. எதிர்க் கடை பூக்காரி திரும்பிப் பார்த்தாள். அங்காளம்மாவின் கை செதிலோடு முந்தானை முடிச்சுக்குப் போய், அங்கேயே நின்றது. அவள் தம்பியைப் பார்த்தாள்.

லோகு கத்தியை வைத்துவிட்டிருந்தான். கையைத் துடைத்துக்கொண்டு, சட்டைப் பையிலிருந்து செல்போனை எடுத்துப் பார்த்தான். திருப்பி வைத்தான். அதே பையிலிருந்து ஒரு தேன்மிட்டாயை எடுத்தான். காகிதத்தைப் பிரித்தபடி துர்காவை நோக்கி நடந்தான்.

அவளைத் தாண்டிப் போய், கேசவனிடம் நீட்டினான்.

"வாயில போட்டுக்குங்க சார். அவ இன்னும் முடிக்கல."